பெட்டி போன வழி: கயானாவின் அரசியல் சரித்திரம்

(ஆலங்காயத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்னமெரிக்கக் கண்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருப்பினும் சரித்திரத்தாலும் பழக்கவழக்கத்தாலும் கரீபிய நாடுகளோடு சேர்த்தே எண்ணப்படுகிற கயானா என்னும் சிறு குடியரசில், மோசஸ் வீராசாமி நாகமுத்து என்பவர் பிரதம மந்திரியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். 1947 நவம்பரில், பெர்பீஸ் பிரதேசத்தைச் சேர்ந்த விம் என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையில் கப்பலேறிய ஜனங்களின் வழியில் வந்தவர். அந்த ஜனங்களின் வாழ்க்கையை வைத்து 'ஹென்ட்ரீஸ் க்யூர்' என்று ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் நம்மவர்க்கு ஒரு பெருமிதம் உண்டாவது சகஜம். அந்தப் பெருமிதத்தோடு நின்றுவிட்டால் நாம் அறிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி நம் கையைவிட்டுப் போய்விடும் என்பதால்தான், இந்தச் சந்தர்ப்பத்தில் அந்நாட்டின் அரசியல் சரித்திரத்தை என் விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

கயானாவின் ஜனங்கள் வாக்குரிமையைப் பெற்றார்கள், பெற்றதைப் பறிகொடுத்தார்கள், நெடுங்காலம் போராடி மீட்டார்கள். இம்மூன்று கட்டங்களையும் நான் எவ்வளவு படித்துப் பார்த்தாலும், முடிவைத் தீர்மானித்த காரணங்களுள் தலையாயதாக எனக்குத் தோன்றுவது ஒரு சிறிய விவகாரம்: வாக்குப் பெட்டி எங்கே திறக்கப்பட்டது, யார் கண்ணெதிரில் எண்ணப்பட்டது என்பதே அது.

முதலில் அம்மக்கள் அங்கே போய்ச் சேர்ந்த வரலாறு. டச்சுக்காரர்களிடமிருந்து 1814-இல் ஆங்கிலேயர் வசமாகி, 1831-இல் ஒரே குடியேற்ற நாடாக இணைக்கப்பட்ட அப்பிரதேசத்தின் கடற்கரை, கடல் ஓதம் ஏறும்போது கடல் மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கிற பூமி. அணை கட்டி, கால்வாய் வெட்டி, மதகு வைத்து அதைக் கரும்பு விளையும் நிலமாக ஆக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1838-இல் அவர்கள் பூரண விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்ற மனிதன் நியாயமான கூலி கேட்பான் என்பதைத் தோட்ட முதலாளிகள் முன்கூட்டியே உணர்ந்திருந்தனர். 1836 ஜனவரியிலேயே ஜான் கிளாட்ஸ்டன் என்ற முதலாளி, பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியான கிளாட்ஸ்டனின் தகப்பனார், கல்கத்தா வியாபாரக் கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் எழுதி இந்தியக் கூலிகள் கிடைப்பார்களா என்று விசாரித்தார். 1838 மே 5-ஆம் தேதி விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்களில் முதல் கூட்டம் போய் இறங்கியது. இடையில் சில வருஷம் நிறுத்தப்பட்ட ஆளனுப்புதல் 1845-இல் மறுபடி தொடங்கியபோது சென்னைத் துறைமுகமும் அதில் சேர்ந்துகொண்டது. 1917-க்குள் ஏறத்தாழ 2,39,000 பேர் போனார்கள். அவர்களுள் சென்னையிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். நம் வட ஆற்காடு ஜில்லா அக்காலத்தில் ஆள் பிடிப்பவர்களின் கண்ணுக்குத் தப்பிய ஜில்லா அன்று. நேட்டால் தோட்டங்களுக்குப் போன தமிழரில் பலர் இந்தச் சீமையிலிருந்து போனவர்களே.

அவர்கள் அங்கே மதராஸிகள் என்றே அழைக்கப்பட்டார்கள். பெர்பீஸ் பக்கத்துக் கொரன்டைன் கரையில், ஆல்பியன், விம், போர்ட் மொரான்ட் முதலிய இடங்களில் அவர்களின் சந்ததியார் மிகுதி. பாஷை போய்விட்டது. மாரியம்மன் வழிபாடு மட்டும் காளிமாயி பூஜை என்ற பெயரில் நிலைத்திருக்கிறது. ஆட்டுத்தோல் போர்த்திய தப்பைத் தீயில் காய்ச்சி இறுக்கி, அர்த்தம் மறந்துபோன தமிழ்ப் பதங்களை மனப்பாடமாகப் பாடி, கையில் வேப்பிலையோடு அம்மனை அழைக்கிறார்கள். தோலின் குணம் அறிந்த இந்த ஊர்க்காரர்களுக்கு, ஈரக்காற்று வீசும் அந்தக் கடற்கரையில் ஒரு தப்பைச் சுருதி குலையாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெயர்களும் நிலைத்திருக்கின்றன: வீராசாமி, பெருமாள், நாகமுத்து. மேற்கிந்தியக் கிரிக்கெட் அணியில் ஆடிய வீராசாமி பெருமாள் என்ற சுழற்பந்து வீச்சாளர் அந்தக் கரையைச் சேர்ந்தவர்தாம்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கயானாவில் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் இந்திய வம்சத்தாருக்கும் இடையே நிலவுகிற பகைமையை, ரத்தத்திலேயே ஊறிய துவேஷம் என்று சொல்லித் தீர்த்துவிடுகிற எழுத்தாளர் பலர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் 1842-இலும் 1848-இலும் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாவது வேலைநிறுத்தம் தோற்றதற்கு, வந்திறங்கிய கூலிகளைக் கொண்டு முதலாளிகள் ஆலையை ஓட்ட முடிந்தது ஒரு முக்கிய காரணம். அது மட்டுமா? அந்தக் கூலிகளைக் கொண்டுவருவதற்கான செலவில் மூன்றில் ஒரு பங்கு பொதுக் கஜானாவிலிருந்து கொடுக்கப்பட்டது. அதாவது, தன் கூலியைக் குறைப்பதற்காக வரவழைக்கப்பட்ட ஆளின் கப்பல் செலவைத் தானே வரியாகக் கட்ட வேண்டிய நிலைமை ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கு. வந்தவனோ ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கட்டுண்டவன். அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. வேலைக்கு வராவிட்டாலும் சிறை. ஒருவன் கிராமத்திலும் மற்றவன் தோட்டத்து லயத்திலுமாகப் பிரித்து வைக்கப்பட்டார்கள். பகைமை அவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த பொருளன்று; முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் உற்பத்தியானது.

இந்த மக்களுக்கு வாக்குரிமை என்ற பேச்சு வெகு காலம் எழவில்லை. சொத்துள்ளவர்க்கும் வருமானமுள்ளவர்க்கும் மட்டுமே சட்டசபை. பிரெஞ்சுக்காரரின் குவாதலூப் தீவில் இதே காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஆன்ரி சிதம்பரம் என்ற தமிழ் வம்சத்தவர், 1863-இல் பிறந்தவர், தீவில் பிறந்த இந்தியர்களின் பெயர்களை 1904-இல் வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் செய்தார். கவர்னர் அதை எதிர்த்து வழக்காடினார். 'இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள், பிரெஞ்சுக் குடிகள் அல்லர்' என்பது கவர்னர் கட்சியின் வாதம். 19 வருஷம் நடந்த அந்த வழக்கின் முடிவில், 1923-இல், சிதம்பரத்தின் கட்சி ஜயித்தது. நம் பள்ளிப் பாடங்களில் அவருடைய பெயர் இல்லை, இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கயானாவில் விழிப்பு ஏற்பட்டது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின். போர்ட் மொரான்ட் தோட்டத்தில் 1918-இல் ஒரு மேஸ்திரியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவில் பல் வைத்தியம் படித்து, ஜேனட் என்ற அமெரிக்க மங்கையை மணந்து ஊர் திரும்பிய செட்டி ஜகன், 1947-இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு வருஷம் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அதன் காரணம் தொழிலாளர்களாகிய உங்களுக்கு உடனே விளங்கும்: வெட்டின கரும்பை வெட்டினவனே சுமந்து படகில் ஏற்றவும் வேண்டும் என்பது முதலாளி வைத்த முறை; வெட்டிப் போடுவதோடு எங்கள் வேலை முடியட்டும் என்பது தொழிலாளரின் கோரிக்கை. 1948 ஜூன் 16-ஆம் தேதி போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். ஜகன் அந்தச் சவ ஊர்வலத்தை ஜார்ஜ்டவுன் நகரத்துக்கு நடத்திச் சென்று, இனி என் ஜீவிதம் இந்தப் போராட்டத்துக்கே என்று சங்கற்பம் செய்துகொண்டார். 1950 ஜனவரியில் மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. தலைவர் ஜகன் இந்தியர். அவருக்குச் சமமாக அதில் நின்ற லிண்டன் ஃபோர்ப்ஸ் பர்னம் ஆப்பிரிக்கர், லண்டனில் படித்த வக்கீல், அபாரமான பேச்சாளர். தோட்டமும் நகரமும் ஒரே கொடியின் கீழ் நின்ற அந்த ஐந்து வருஷமே கயானாவின் சரித்திரத்தில் மிகவும் நம்பிக்கை தந்த காலம் என்பேன்.

நம் நாட்டில் 1952-இல் முடிந்த முதல் பொதுத் தேர்தலில், சவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்கியவனும், அதை வாங்கித் தோல் பதனிட்டவனும், அந்தத் தோலை ஏற்றுமதி செய்த சாயபுவும் தலைக்கு ஒரு வாக்கு என்ற சமநிலையில் வந்து நின்றார்களல்லவா? அதற்கு அடுத்த வருஷம், 1953 ஏப்ரல் 27-ஆம் தேதி, கயானாவிலும் வயது வந்த எல்லோரும் வாக்களித்தார்கள். 24 ஸ்தானங்களில் 18 ஜகன் கட்சிக்கு. ஆனால் அவர்கள் ஆண்டது 133 நாள். 'கம்யூனிஸ்டுச் சதி' என்று காரணம் காட்டி, அக்டோபர் 9-ஆம் தேதி, சர்ச்சிலின் சர்க்கார் துருப்புகளை இறக்கி அரசியல் சாசனத்தையே நிறுத்தி வைத்தது. பதவி இழந்த ஜகனும் பர்னமும் லண்டனுக்குப் போய் நியாயம் கேட்டுக் கிடைக்காமல், அங்கிருந்து டில்லிக்கு வந்து நேருவைச் சந்தித்தார்கள். இருவரும் சேர்ந்து வந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

1955-இல் கட்சி பிளந்தது. பர்னம் பிரிந்து போய் மக்கள் தேசியக் காங்கிரஸ் கட்சியை ஏற்படுத்தினார். தனி மனிதர்களின் அபிலாஷையும் அதில் உண்டு, லண்டனின் தூண்டுதலும் உண்டு. எது எவ்வளவு என்று தராசில் நிறுக்கும் வேலையில் நான் இறங்கவில்லை. 1957-இலும் 1961-இலும் ஜகன் கட்சியே வென்றது. 1962-இல் அவர் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தின் கதை நமக்குக் கொஞ்சம் உறவுள்ளது. நிக்கலஸ் கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞரின் யோசனைப்படி 1957-இல் நம் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் விதித்தார். இங்கே முணுமுணுப்போடு போயிற்று. அதே கால்டாரை அழைத்து யோசனை கேட்டு ஜகன் விதித்த வரிகளை எதிர்த்துக் கிளம்பிய கலகத்தில், 1962 பிப்ரவரி 16-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் நகரத்தின் கடைவீதி எரிந்தது. மறு வருஷம் 80 நாள் பொது வேலைநிறுத்தம். அதற்கு அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் தொழிற்சங்கங்களின் வழியாக வந்து சேர்ந்தது இன்று மறுக்கப்படாத செய்தி. கென்னடியின் ஆலோசகராயிருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர், 1990-இல் ஜகனை நேரில் வைத்துக்கொண்டே, அன்று நாங்கள் உமக்கு இழைத்தது அநீதி என்று வருத்தம் தெரிவித்தார். 1964-இல் ரத்தம் ஆறாய் ஓடியது: லியனோரா தோட்டத்தில் வழிமறித்து அமர்ந்திருந்த கௌசில்லா என்ற பெண் டிராக்டர் ஏறி மாண்டாள், விஸ்மர் என்ற ஊரில் இந்தியர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, சன் சாப்மன் என்ற படகு வெடித்ததில் ஆப்பிரிக்கர் பலர் மாண்டனர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர்விட்டு ஊர் மாறினார்கள்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் லண்டன் சர்க்கார் தேர்தல் முறையை மாற்றியது. தொகுதிவாரித் தேர்தல் போய், கட்சி பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கேற்ப ஸ்தானம் என்று வந்தது. விகிதாசார முறை தன்னளவில் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன்; அதன் நியாயங்கள் பல. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கவிழ்க்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு கொண்டுவரப்பட்ட முறை எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அதன் மேல் களங்கம் படிந்துவிடுகிறது. 1964 டிசம்பர் தேர்தலில் ஜகன் கட்சி 45.8 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்று, 53-இல் 24 ஸ்தானம் அடைந்தும், 22 ஸ்தானம் பெற்ற பர்னமும் 7 ஸ்தானம் பெற்ற முதலாளிகளின் கட்சியும் சேர்ந்து அரசமைத்தன. 1966 மே 26-ஆம் தேதி சுதந்திரம் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் பர்னம்.

அதன் பிறகு நடந்ததே என் உரையின் நடுப்பகுதி. 1968 தேர்தலில் வெளிநாடுகளில் வாழும் கயானியர்க்கு வாக்குரிமை என்று ஒரு பட்டியல் தயாரானது. ஆங்கிலத் தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் வீடு வீடாகத் தேடிப் போனார்கள். பெருவாரியான முகவரிகளில் அப்படி ஒரு வாக்காளர் இல்லை. பர்னம் கட்சிக்கு 53-இல் 30 ஸ்தானம் கிடைத்தது. 1970 பிப்ரவரி 23-ஆம் தேதி, 1763-இல் பெர்பீஸில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த அதே நாளில், நாடு கூட்டுறவுக் குடியரசாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பாக்சைட் சுரங்கங்களும் 1976-இல் புக்கர் கம்பெனியின் கரும்புத் தோட்டங்களும் தேசியமாயின. இந்தக் காரியங்களையெல்லாம் நல்ல காரியங்கள் என்றே பலரும் வரவேற்றார்கள், ஜகன் உள்பட. ஒரு சர்க்கார் செய்யும் காரியங்கள் நல்லவையாக இருந்துவிட்டால் அது பதவிக்கு வந்த வழியைக் கேட்க வேண்டாம் என்று நினைக்கிற மனோபாவம் நம் நாட்டிலும் உண்டு. அந்த மனோபாவத்தின் விலையைக் கயானா 24 வருஷம் கட்டியது.

1973 ஜூலை 16-ஆம் தேதி நடந்த தேர்தலைச் சற்று நின்று பார்ப்போம். வாக்குப் பதிவு முடிந்ததும் பெட்டிகளை ராணுவத்தார் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியோடு எங்கள் முகவரும் வரட்டும் என்று எதிர்க்கட்சியார் கேட்டார்கள்; அனுமதி இல்லை. கொரன்டைன் கரையில் 64-ஆம் எண் கிராமம் என்று ஓர் ஊர். அங்கே பெட்டியைத் தனியே கொண்டுபோக விடமாட்டோம் என்று கூடி நின்ற ஜனங்களின் மேல் ராணுவம் சுட்டது. ஜகன் ரமேசர், போலாநாத் பரமானந்த் என்ற இருவர் விழுந்தார்கள். பெட்டிகள் தலைநகரத்து ராணுவத் தலைமையகத்துக்குப் போய், நெடுநேரம் அங்கே இருந்துவிட்டு, எண்ணும் இடத்துக்கு வந்தன. ஆளும் கட்சிக்கு 37 ஸ்தானம். சாசனத்தைத் திருத்துவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே கிடைத்துவிட்டது. அந்த இரண்டு இளைஞர்களும் பதவி கேட்டுச் சாகவில்லை, நிலம் கேட்டுச் சாகவில்லை. ஒரு பெட்டிக்குப் பின்னால் நடந்து போவதற்கு உரிமை கேட்டுச் செத்தார்கள். கயானாவின் சரித்திரத்தில் இவர்களைவிட எனக்கு மதிப்புக்குரியவர்கள் இல்லை.

1978-இல் இனிச் சாசனத்தின் காப்பு விதிகளை மாற்ற ஜனங்களின் சம்மதம் தேவையில்லை என்று ஆக்குவதற்காக, ஜனங்களின் சம்மதத்தையே கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 'சரி' என்பதற்குச் சின்னம் வீடு. 'கூடாது' என்பதற்கு எலி. எதிர்க்கட்சிகள் புறக்கணித்து வாக்குச் சாவடிகள் வெறிச்சோடியிருந்தும், மாபெரும் ஆதரவு என்று முடிவு அறிவிக்கப்பட்டது. 1980-இல் புதிய சாசனம், நிர்வாக ஜனாதிபதியாகப் பர்னம். அதே வருஷம் ஜூன் 13-ஆம் தேதி, வால்ட்டர் ராட்னி என்ற உலகப் புகழ் பெற்ற சரித்திர ஆசிரியர், ஆப்பிரிக்கரையும் இந்தியரையும் மறுபடி ஒரே மேடையில் கொண்டுவரப் பாடுபட்ட உழைக்கும் மக்கள் கூட்டணியின் தலைவர், 38 வயதில் வெடிகுண்டுக்குப் பலியானார். கயானாவின் உழைக்கும் ஜனங்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த சரித்திரம் மறு வருஷம்தான் அச்சில் வந்தது. முன்னே நான் சொன்ன, பகைமை உற்பத்தியான விதத்தைப் பலர் புரிந்துகொள்ள அவருடைய நூலே வழிகாட்டியது. அவரைக் கொன்றது ஒரு மனிதரை அகற்றியதோடு நிற்கவில்லை; இரு வம்சத்தாரையும் இணைக்க இருந்த வழியையும் அடைத்தது.

பர்னம் 1985-இல் காலமானார். அவருக்குப் பின் வந்த டெஸ்மண்ட் ஹாய்ட் காலத்தில் கடன் சுமையும் உலக நிலைமையின் மாறுதலும் நெருக்கின. 1990-இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மத்தியஸ்தராக வந்தார். எதிர்க்கட்சிகள் அவரிடம் வற்புறுத்திக் கேட்டவற்றுள் தலையாயது என்ன தெரியுமா? வாக்குப் பதிவான இடத்திலேயே, பதிவு முடிந்தவுடனேயே, எல்லாக் கட்சி முகவர்களின் கண்ணெதிரில் எண்ண வேண்டும் என்பதே. ஹாய்ட் முதலில் மறுத்து, பிறகு இணங்கினார். இணங்கிய அன்றே முடிவு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது. 1992 அக்டோபர் 5-ஆம் தேதி, 28 வருஷம் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஜகன், தம்முடைய 74-ஆவது வயதில், ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 மார்ச்சில் பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

அடுத்த இருபது வருஷத்தை விரைந்து கடந்துவிடலாம். ஜகன் கட்சி 23 வருஷம் தொடர்ந்து ஆண்டது. நெடுங்காலம் ஆளும் கட்சிக்கு உண்டாகும் குறைகள் அதற்கும் உண்டாயின. அக்கட்சியில் இளமை முதல் உழைத்து, பத்திரிகை நடத்தி, மந்திரியாகவும் இருந்த நாகமுத்து, 2011-இல் அதைவிட்டு வெளியேறி, இரு வம்சத்தாரும் இருந்த ஒரு சிறு கட்சியில் சேர்ந்தார். அச்சிறு கட்சியும் பர்னமின் பழைய கட்சியை உள்ளடக்கிய அணியும் 2015 மே 11-ஆம் தேதித் தேர்தலில் சேர்ந்து நின்று, 65-இல் 33 ஸ்தானம் பெற்று வென்றன. அப்படித்தான் நாகமுத்து பிரதமரானார். அதே மாதம் அந்நாட்டுக் கடலடியில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியும் வந்தது. இனி அங்கே ஆட்சி என்பது அளவிறந்த பணத்தின் சாவியாகவும் ஆயிற்று.

2018 டிசம்பர் 21-ஆம் தேதி ஆளும் வரிசையிலிருந்தே ஓர் உறுப்பினர் எதிர்த்து வாக்களிக்க, நம்பிக்கையில்லாத் தீர்மானம் 33-க்கு 32 என்று நிறைவேறியது. அப்போது சர்க்கார் தரப்பு ஒரு கணக்குச் சொன்னது: 65-இல் பாதி 32½; அரை மனிதர் இல்லையாகையால் பாதி 33; ஆகவே பெரும்பான்மைக்கு 34 வேண்டும். இந்தக் கணக்கை அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. கடைசியில் 2019 ஜூன் 18-ஆம் தேதி கரீபிய நீதிமன்றம், 65 பேர் கொண்ட சபையில் 33 பெரும்பான்மையே என்று தீர்ப்பளித்தது. ஒரு தேசத்தின் கௌரவத்தை இத்தனை தாழ்த்திய வாதத்தை, நம் பெயர் தாங்கிய ஒருவர் பிரதமராயிருந்த அமைச்சரவை முன்வைத்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். பெயரைக் கண்டு பெருமிதப்படுவதற்கு முன் செயலைப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் தயங்கியது இதற்காகத்தான்.

2020 மார்ச் 2-ஆம் தேதி தேர்தல். 1992-இன் ஏற்பாட்டுப்படி, ஒவ்வொரு சாவடியிலும் எண்ணிக்கை முடிந்ததும் வாக்கு விவரப் படிவம் ஒன்று எழுதப்படும். தலைமை அதிகாரி கையெழுத்திடுவார், முகவர்கள் கையெழுத்திடுவார்கள், ஒரு பிரதி சாவடிச் சுவரில் ஒட்டப்படும், பிரதிகள் கட்சி முகவர்களிடம் தரப்படும். தலைநகரத்தை உள்ளடக்கிய நான்காம் பிரதேசத்தில் 879 சாவடிகள். அங்கே தேர்தல் அதிகாரி, அந்தப் படிவங்களைப் பார்த்துக் கூட்டாமல் வேறோர் எண் பட்டியலை வைத்துக் கூட்டிய தொகையை அறிவித்தார். அதன்படி ஆளும் அணி ஜயம். எதிர்க்கட்சியோ தன்னிடமிருந்த படிவப் பிரதிகளை ஊரறிய வெளியிட்டது. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் கண்டித்தார்கள். தலைமை நீதிபதியின் பொறுப்பில் இருந்த ரொக்சேன் ஜார்ஜ் சட்டப்படி மறுபடி கூட்டச் சொன்னார். மறுபடியும் அதே தகராறு. கரீபிய நாடுகள் மூவரை அனுப்பி, அவர்கள் முன்னிலையில் 33 நாள், ஜூன் 8 வரை, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மறு எண்ணிக்கை நடந்தது. சாவடிகளில் அன்றிரவு எழுதப்பட்ட படிவங்களே மெய் என்று தெரிந்தது: 2,33,336-க்கு 2,17,920, வித்தியாசம் 15,416. ஐந்து மாத இழுபறிக்குப் பின், ஆகஸ்ட் 2-ஆம் தேதி இர்ஃபான் அலி ஜனாதிபதியானார்.

அந்த ஐந்து மாதத்தில் நாட்டைக் காப்பாற்றியது எது? நீதிமன்றங்கள் உதவின, அயல் நாட்டார் உதவினார்கள். ஆனால் அவர்களுக்குக் கையில் பிடித்துக் காட்ட ஆதாரம் ஒன்று வேண்டியிருந்தது. அந்த ஆதாரத்தைக் கொடுத்தவர்கள், பசியோடும் தூக்கத்தோடும் இரவு முழுதும் சாவடியில் உட்கார்ந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தங்கள் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பெயர் தெரியாத முகவர்கள். 1973-இல் இருவர் உயிர் கொடுத்தும் கிடைக்காதது, 2020-இல் ஒரு காகிதத்தால் காக்கப்பட்டது.

இதை ஆலங்காயத்தில் வந்து ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? நாம் வாக்களிக்கிற வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல், 2019 ஏப்ரலில், வாக்குப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னதாக, பணம் பிடிபட்ட காரணத்தால் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி ரத்தானதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பிறகு ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்தது. வெற்றி தோல்வி வித்தியாசம் 8,141 வாக்கு. அவ்வளவு பெரிய தொகுதியில் அது ஒரு சில சாவடிகளின் கணக்கு.

நம் முறையில் சாவடியிலேயே எண்ணுவதில்லை. இயந்திரம் முத்திரையிடப்பட்டு, பாதுகாப்பு அறையில் இருந்து, பல நாள் கழித்து எண்ணப்படுகிறது. பதிவான இடத்தையும் எண்ணும் இடத்தையும் இணைக்கிற காகிதம் படிவம் 17சி. அந்த இயந்திரத்தில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவாயிற்று என்று எழுதி, தலைமை அதிகாரி கையெழுத்திட்ட நகலை, பதிவு முடிந்ததும் ஒவ்வொரு முகவருக்கும் தர வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் முகவர்கள் சாயங்காலம் ஆறு மணியானவுடன் எழுந்து போய்விடுகிறார்கள். வாங்கினவர்களும் அதைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, தோல் ஷாப்பிலும் செருப்புக் கம்பெனியிலும் வேலை செய்யும் இளைஞர்களே, அடுத்த தேர்தலில் நீங்கள் எந்தக் கட்சிக்கு முகவராய் உட்கார்ந்தாலும் சரி, அந்தக் கட்சி எனக்குப் பிடித்ததாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, பதிவு முடியும் வரை இடத்தைவிட்டு எழாதீர்கள். 17சி நகலைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் எண்ணோடு சரிபார்த்து, முத்திரை வைக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். எண்ணிக்கை நாளன்று அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்கு எதிரே போய் உட்காருங்கள். இதுவே என் வேண்டுகோள்.